ஸ்டாம்ப் பதித்த பிறகு என்ன? வாழ்த்து அட்டைக்கு மையும் ஸ்டாம்பும் தாளும் தேர்ந்தெடுப்பது எப்படி

கையால் வாழ்த்து அட்டை செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஒரு பூங்கொத்து, ஒரு குருவி, ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று அழகான எழுத்தில் ஒரு வரி, இவ்வளவு போதும், ஸ்டாம்ப் வாங்கியாகிவிடும். அப்புறம் பிடித்த நிறத்தில் ஒரு இங்க் பேட், கைக்குக் கிடைத்த தாள். உட்கார்ந்து பதித்துப் பார்த்தால் கோடு கசிகிறது. வண்ணம் தீட்டினால் கறுப்பு கலங்கி ஓடுகிறது. பளபளத் தாளில் பதித்த மை மறுநாளும் விரலில் ஒட்டுகிறது. ‘நமக்குக் கை வராது போல’ என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். கையில் குறை ஒன்றும் இல்லை. அந்த மைக்கும் அந்தத் தாளுக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்கிறேன். பதித்த கோட்டின் மேல் அடுத்து என்ன படப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தண்ணீர் தொட்ட தூரிகையா, ஆல்கஹால் மார்க்கரா, கலர் பென்சிலா, சூடா, இல்லை எதுவுமே படாமல் அப்படியே விடப்போகிறீர்களா? அது தெரிந்துவிட்டால் எந்த மை என்பது தெரிந்துவிடும். மை தெரிந்தால் தாள் தெரிந்துவிடும். படத்தைக் கடைசியில் ஆசைதீரத் தேர்ந்தெடுக்கலாம்.

மையில் இரண்டு குடும்பம்

கடையில் எத்தனை பெயரில் பேட்டுகள் இருந்தாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். மற்றவை இவற்றின் கலப்பு அல்லது சிறப்பு வேலைக்கானவை.

ஒன்று டை மை. இதில் சாயம் திரவத்தில் முழுக்கக் கரைந்திருக்கும். தாளில் பட்டதும் இழைகளுக்குள் இறங்கிவிடும், அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். நிறம் ஒளி ஊடுருவக்கூடியது. மஞ்சளின் மேல் நீலம் பதித்தால் பச்சை தெரியும். ஒரே இலை ஸ்டாம்பை இளம்பச்சையிலும் கரும்பச்சையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்று விலக்கிப் பதித்தால் நிழல் விழுந்தது போல ஓர் ஆழம் வரும். இதற்கெல்லாம் டை மைதான் சரி. குறை என்னவென்றால், உறிஞ்சும் தாளில் கோட்டின் ஓரம் லேசாக விரியும். வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் வெளுக்கும். கறுப்புத் தாளில் பதித்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது.

இன்னொன்று பிக்மென்ட் மை. இதில் நிறம் கரைந்திருக்காது, மிக நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். அவை தாளின் மேற்பரப்பிலேயே தங்கும். அதனால் நிறம் அடர்த்தியாகவும் மறைக்கும் தன்மையோடும் இருக்கும், கோட்டின் ஓரம் கூர்மையாக நிற்கும். வெளுப்பதும் குறைவு. ஒவ்வொரு துகளிலும் ஏராளமான மூலக்கூறுகள் அடுக்கியிருப்பதால், வெளியே உள்ளவை வெயிலில் சிதைந்தாலும் உள்ளே உள்ளவை தப்பிக்கின்றன. டை மையில் மூலக்கூறுகள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன, அந்தப் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. பிக்மென்ட் மை காயத் தாமதமாகும். உறிஞ்சாத பளபளத் தாளில் சூடு காட்டாவிட்டால் சரியாகக் காயவே காயாது.

பேட்டைத் தொட்டுப் பார்த்தே பல சமயம் அடையாளம் சொல்லிவிடலாம். டை மை பெரும்பாலும் கெட்டியான ஃபெல்ட் துணிமேல் இருக்கும். பிக்மென்ட் மை கெட்டியாக இருப்பதால் மெத்தென்ற ஸ்பாஞ்சில் இருக்கும். ஸ்பாஞ்சில் ஸ்டாம்பை அழுத்தினால் மை பள்ளங்களுக்குள்ளும் ஏறிவிடும். அதனால் பேட்டைக் கையில் எடுத்து, ஸ்டாம்பை மல்லாத்தி வைத்து, மெல்லத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். எந்த பேட்டுக்கும் இதுவே நல்ல பழக்கம். பேட்டைவிடப் பெரிய ஸ்டாம்புக்கும் இப்படித்தான் மை ஏற்ற முடியும்.

அலுவலக மேசையில் கிடக்கும் ஊதா ஸ்டாம்ப் பேட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மை பேட்டிலேயே காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கிளிசரின் போன்று ஈரம் காக்கும் பொருள்கள் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. தேதியும் கையெழுத்துக்குக் கீழே ஒரு முத்திரையும் தெரிந்தால் அதன் வேலை முடிந்தது. மெல்லிய இதழ் நரம்புகளும் கண் இமையும் உள்ள படத்தை அதில் பதித்தால் நுணுக்கமெல்லாம் அடைத்துக்கொள்ளும். குழந்தைகள் விளையாடிப் பழக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்கும்கூடக் கழுவினால் போய்விடும் டை மைதான் நல்லது.

அடுத்து என்ன படும்?

ஸ்டாம்ப் அட்டையில் பாதிக்கு மேல் சிக்கல் கறுப்புக் கோட்டில்தான் வருகிறது. கோட்டுப் படத்தைக் கறுப்பில் பதித்து உள்ளே வண்ணம் தீட்டுவது மிகப் பழைய வழி. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட, வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவதும்கூட, கோடுகளை அச்சடித்துவிட்டு வண்ணத்தைக் கையால் தீட்டியதுதான். அன்றும் இன்றும் தேவை ஒன்றே. மேலே வண்ணம் ஏறும்போது கோடு அசையாமல் நிற்க வேண்டும்.

நிற்குமா நிற்காதா என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. எதில் கரைந்த மையோ அதை மறுபடி தொட்டால் கரையும். தண்ணீரில் கரைந்த மை தண்ணீர் பட்டால் கரையும். கரைப்பான் வகை மை ஆல்கஹால் பட்டால் கரையும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கறுப்பைத் தேடி அலைவதைவிட, உங்கள் வண்ணத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கறுப்பை வாங்குவது நிம்மதி.

வாட்டர்கலர் தீட்டப் போகிறீர்கள் என்றால் தண்ணீருக்கு அசையாத கறுப்பு வேண்டும். வெர்சாஃபைன் போன்ற எண்ணெய் சார்ந்த பிக்மென்ட் மை, அல்லது ஆர்க்கைவல் என்ற பெயரில் வரும் நிரந்தர மை. இரண்டில் என் தேர்வு வெர்சாஃபைன். நூலிழை போன்ற கோட்டையும் அது விடாமல் பிடிக்கிறது, கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கிறது. பதித்தவுடன் தூரிகையைத் தொட்டுவிடாதீர்கள். ஹீட் கன்னால், அதாவது சூடான காற்று வீசும் கைக்கருவியால், சற்று நேரம் சூடு காட்டுங்கள், அல்லது வேறு அட்டைக்குப் போய்விட்டு வாருங்கள். காய்ந்த கோட்டின் மேல் தண்ணீர் ஓடும்போது அது அப்படியே நிற்பதைப் பார்த்தால்தான், தவறான மையால் எவ்வளவு சிரமப்பட்டோம் என்பது புரியும்.

ஆல்கஹால் மார்க்கர் என்றால் கதை தலைகீழ். வெர்சாஃபைன் இங்கே இழுபடும். காப்பிக் போன்ற மார்க்கரின் முனை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கறுப்பை இழுத்துக்கொண்டு போகும். மஞ்சள் இதழ் சாம்பல் பூத்துவிடும், மார்க்கரின் முனையும் அழுக்காகும். இதற்குத் தண்ணீர் அடிப்படையிலான டை கறுப்பு வேண்டும். மெமென்டோ இந்த வேலையில் பெயர் பெற்றது. ஆல்கஹால் பட்டாலும் அசையாது, தண்ணீர் பட்டால் கரையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் பலவீனம்தான் மற்றொன்றின் பலம். மார்க்கரும் வாட்டர்கலரும் இரண்டுமே வேண்டும் என்று நினைப்பவர்கள் இரண்டு கறுப்பு வாங்கத்தான் வேண்டும். வண்ண பேட் ஒன்று குறைந்தால் குறையட்டும்.

கலர் பென்சிலா? எந்தக் கறுப்பும் சரி, காய்ந்திருந்தால் போதும். பென்சிலை வாசனையற்ற கரைப்பான் தொட்டு மென்மையாகக் கலப்பவர்கள் மட்டும் ஓரத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் பென்சிலைத்தான் முதலில் சொல்வேன். நிதானமாகப் போகும், தாளைச் சுருட்டாது, மறுபக்கம் இறங்காது, அழுத்தத்தை வைத்தே நிழல் கொண்டுவரலாம்.

எதுவும் தீட்டப் போவதில்லை, பதித்தால் முடிந்தது என்பவர்களுக்குக் கோட்டுப் படமே வேண்டாம். நிறம் நிறைந்த முழு வடிவ ஸ்டாம்புகளை எடுத்து டை மையில் பதியுங்கள். இலை, இதழ், இறகு என அடுக்கடுக்காகப் பதிக்கும் லேயர் ஸ்டாம்புகளும் உண்டு. முதலில் வெளிர் நிறத்தில் முழு வடிவம், அதன்மேல் சற்று அடர்ந்த நிறத்தில் நிழல், கடைசியில் நரம்புகள். ஓவியம் வராது என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம்.

டிஸ்ட்ரெஸ் போன்ற சில டை மைகள் தண்ணீரோடு கலக்க வேண்டும் என்றே செய்யப்பட்டவை. பேட்டை ஒரு பிளாஸ்டிக் தாளில் அழுத்தி, தண்ணீர் தெளித்து, அந்தத் துளிகளின் மேல் அட்டையை வைத்து எடுத்தால் வாட்டர்கலர் போன்ற பின்னணி கிடைக்கும். பின்னணிக்கு அருமையானவை. நுணுக்கமான கோட்டுக்கு இவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் தாள் போன்ற உறிஞ்சாத பரப்புக்கு ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் வகை மை இருக்கிறது. ஜன்னல் வைத்த அட்டையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்மேல் பதிப்பதற்கு அது ஏற்றது. வாடை உண்டு, காற்றோட்டம் வேண்டும், சுத்தம் செய்ய அதற்கான திரவம் தனியாக வேண்டும். தேவை வரும்போது வாங்கலாம்.

சூடு என்ற மூன்றாவது வழி

டையா பிக்மென்டா என்று மனம் ஊசலாடும்போது பலருக்கு நினைவில் வராத வழி ஹீட் எம்பாசிங். என்னைக் கேட்டால் கையால் செய்த அட்டைக்கு இதுபோல மதிப்பு கூட்டுவது வேறெதுவும் இல்லை.

வெர்சாமார்க் போன்ற ஒட்டும் தன்மையுள்ள நிறமற்ற மையில் ஸ்டாம்பைப் பதிப்பீர்கள். தாளில் ஈரக்கோடு மட்டும் தெரியும். அதன்மேல் எம்பாசிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, தாளைச் சாய்த்து, பின்னால் ஒரு தட்டு தட்டினால் மிச்சம் உதிர்ந்துவிடும். ஈரக்கோட்டில் மட்டும் ரவை ரவையாகப் பவுடர் ஒட்டி நிற்கும். இப்போது ஹீட் கன். முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பிறகு ஓர் ஓரத்தில் சொரசொரப்பு மறைந்து பளபளப்பு தோன்றும். தோன்றிய இடத்திலிருந்து கன்னை நகர்த்தினால் அந்தப் பளபளப்பும் கோட்டின் வழியே கூடவே ஓடும். எல்லா இடமும் பளபளத்த கணத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் சூடு காட்டினால் உருகிய பவுடர் தாளுக்குள் இறங்கி, மேடு தட்டையாகி, எண்ணெய்க் கறை போலத் தெரியும். ஆறியதும் விரலால் தடவினால் கோடு மேலெழும்பி நிற்பது தெரியும்.

இதற்கு ஹேர் டிரையர் உதவாது. அதன் சூடு போதாது, காற்றோ பலம், பவுடர் உருகுவதற்குள் பறந்துவிடும். ஹீட் கன் காற்றைக் குறைவாகவும் சூட்டை அதிகமாகவும் தருவது. சூட்டின் அளவை நினைத்து, குழந்தைகள் கையில் தராதீர்கள்.

ஸ்டாம்ப் பதிக்கும் முன் தாளைத் துகள்நீக்கிப் பையால், அதாவது நுண்பொடி நிரப்பிய சின்னத் துணிப்பையால், ஒருமுறை தடவிக்கொள்ளுங்கள். கைபட்ட ஈரமும் நிலைமின்சாரமும் இருக்கும் இடமெல்லாம் பவுடர் ஒட்டி, வானத்தில் நட்சத்திரம் போல வேண்டாத புள்ளிகள் தெரியும். பை இல்லாவிட்டால் துணியில் முடிந்த டால்கம் பவுடரே போதும்.

கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிற அட்டையில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் வெள்ளை பிக்மென்ட் மையும் ஒரு தேர்வு, வெள்ளை எம்பாசிங் பவுடரும் ஒரு தேர்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போட்டியே இல்லை. வெள்ளை மை காயக் காயச் சாம்பலாகத் தணியும், பவுடர் வெளேரென்று நிற்கும். மெல்லிய எழுத்துக்கு ‘டீட்டெயில்’ அல்லது ‘ஃபைன்’ என்று குறித்த நுண்பவுடர் வாங்குங்கள். சாதாரண பவுடரின் ரவை பெரிது, சுழியெல்லாம் அடைத்துவிடும்.

வாட்டர்கலர் தீட்டுகிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. எம்பாஸ் செய்த கோடு வரப்பு மாதிரி நின்று வண்ணத்தைத் தடுக்கும். ஓர் இதழில் விட்ட தண்ணீர் அடுத்த இதழுக்குத் தாண்டாது. கை நடுங்குகிறவர்களும் குழந்தைகளும் தைரியமாகத் தீட்டலாம். மார்க்கர் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். எழும்பி நிற்கும் மேட்டில் முனை உரசித் தேயலாம்.

மரக்கட்டை, ஒட்டும் ரப்பர், கண்ணாடி போன்றது

சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844-ல் காப்புரிமை பெற்றார். ரப்பர் ஸ்டாம்ப் என்ற பொருளே அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று. பதப்படுத்திய ரப்பர் சூட்டில் பிசுபிசுக்காது, குளிரில் வெடிக்காது, செதுக்கிய வடிவத்தை விடாது. மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் அந்த மரபின் நேர்வாரிசு. கையில் பிடிக்க வாகானது, ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே மெத்தை இருப்பதால் அழுத்தம் சமமாகப் பரவும். ஆழமாகச் செதுக்கிய நுண்கோடுகளுக்கு இன்றும் இதுதான் சிறந்தது. கரைப்பான் மையையும் தாங்கும். கட்டை மறைப்பதால் எங்கே பதிகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. இடமும் அடைக்கும்.

அதே ரப்பரைக் கட்டை இல்லாமல், பின்பக்கம் ஒட்டும் ஃபோமுடன் தருவது கிளிங் ஸ்டாம்ப். அக்ரிலிக் பிளாக்கில், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டையில், ஒட்டிப் பதித்துவிட்டு உரித்து வைத்துக்கொள்ளலாம். இடப் பிரச்சினை தீர்ந்துவிடும், ரப்பரின் கூர்மையும் அப்படியே இருக்கும். நுணுக்கமான கோட்டுப் படங்களுக்கு நான் இதையே எடுப்பேன்.

மூன்றாவது, கண்ணாடி போலத் தெரியும் ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்ப். பிளாக்கில் ஒட்டினால் அடியில் இருக்கும் தாள் வரை தெரியும். ஒரு வரியை நட்ட நடுவில் வைக்கவும், லேயர் ஸ்டாம்பை முதல் அச்சின் மேல் பிசகாமல் பொருத்தவும் இதற்கு ஈடில்லை. வாழ்த்து வரிகளையும் லேயர் படங்களையும் இதில் வாங்குங்கள். மென்மையானது என்பதால் பலமாக அழுத்தினால் கோடு தடிக்கும். அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு வைத்து, உள்ளங்கையால் நேராக அழுத்தி, ஆட்டாமல் நேராகத் தூக்குங்கள். ஓரத்தைச் சாய்த்துத் தூக்கினால் கோட்டுக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு கோடு விழும். மரக்கட்டை ஸ்டாம்புக்கு மெத்தை உள்ளேயே இருப்பதால் கெட்டியான மேசையே போதும்.

புதுப் பாலிமர் ஸ்டாம்பில் முதல் அச்சு திட்டுத் திட்டாக வந்தால் பதற வேண்டாம். தயாரிப்பின்போது படிந்த வழவழப்பு மையைத் தள்ளுகிறது. வெள்ளை அழிப்பானால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பதித்துப் பாருங்கள். மை பிடிக்கும். அதன் பிறகும் மை முத்து முத்தாக உருண்டு நின்றால் அது பெரும்பாலும் தரம் குறைந்த சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் ஸ்டாம்ப். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பொட்டலத்தில் ஃபோட்டோபாலிமர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே வழி.

சுத்தம் செய்வதிலும் வித்தியாசம் இருக்கிறது. பாலிமருக்குத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். கரைப்பான் வகைத் திரவம் நாளடைவில் அதைக் கெடுத்துவிடும். கறுப்பு மையின் கறை நின்றுவிட்டால் அது அழுக்கு இல்லை, அச்சில் வராது. வெயிலில் வைத்தால் பாலிமர் மஞ்சளாகும். ரப்பரும் வெயிலில் நாளடைவில் வெடிக்கும். இரண்டையும் மூடிய பெட்டியில் வையுங்கள்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கு நாலாவது வழி இருக்கிறது: பென்சில் அழிப்பானில் நாமே செதுக்குவது. மெல்லிய தாளில் மென்பென்சிலால் வரைந்து, அதை அழிப்பானின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் கோடு அதில் இறங்கும். இப்படிக் கவிழ்ப்பதால் படம் தானாகவே கண்ணாடிப் பிம்பமாகிவிடும், பதிக்கும்போது நேராக வரும். எழுத்து செதுக்குகிறவர்களுக்கு இது பெரிய வரம். சின்ன இலையோ நட்சத்திரமோ செதுக்கி, அடுக்கடுக்காகப் பதித்து ஓரக்கரை போட்டால் கடையில் வாங்கிய எந்த ஸ்டாம்பும் தராத ஓர் உயிர் அதில் இருக்கும். செதுக்கிய அழிப்பானைத் தாளில் சுற்றி வையுங்கள். அதில் உள்ள மென்மையாக்கி பிளாஸ்டிக் டப்பாவோடு ஒட்டி இளக்கிவிடும்.

தாள்

தாளைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் தேர்வு எளிது. அட்டையின் உடலுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை. அதற்குக் குறைந்தால் நிமிர்ந்து நிற்காது. ஸ்டாம்ப் பதிக்கும் தாள் வழவழப்பாக, ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாமல் இருக்க வேண்டும். மார்க்கருக்கு அதற்கென்றே வரும் வழவழத் தாள். வாட்டர்கலருக்கு வாட்டர்கலர் தாள், அதிலும் சொரசொரப்பு குறைந்த ஹாட் பிரஸ் வகை. கோல்ட் பிரஸ் தாளின் பள்ளங்களில் கோடு விட்டு விட்டு விழும். அதில்தான் பதிக்க வேண்டும் என்றால் ஸ்டாம்ப் பொசிஷனர் வேண்டும். அந்தக் கருவி தாளையும் ஸ்டாம்பையும் அசையாமல் பிடித்திருப்பதால் அதே இடத்தில் மறுபடி மை ஏற்றிப் பதிக்கலாம். ‘அமிலமற்றது’ என்று குறித்த தாளாக இருந்தால் மஞ்சளாகாமல் நெடுநாள் இருக்கும்.

நேரடியாக அட்டையின்மேல் பதிப்பதா, தனித் துண்டில் பதித்து ஒட்டுவதா? தனித் துண்டுதான். அச்சு பிசகினால் ஒரு துண்டோடு போகும். மார்க்கர் மறுபக்கம் இறங்கினாலும் ஒட்டியதும் மறைந்துவிடும். வாட்டர்கலரில் சுருண்ட தாளைக் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி ஒட்டலாம்.

அளவைப் பொறுத்தவரை ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் ஏ6 அட்டை, 105 × 148 மில்லிமீட்டர். அதற்குப் பொருந்தும் உறை சி6. உறை கிடைக்கிற அளவில் அட்டை செய்வது நல்லது, இல்லாவிட்டால் உறையையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். மடிக்கும் முன் மழுங்கிய முனையால் கோடு கீறிக்கொள்ளுங்கள். இழை ஓடும் திசையில் மடித்தால் விளிம்பு வெடிக்காது. தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கம்தான் இழையின் திசை.

முதலில் எதை வாங்குவது

வண்ணம் தீட்டப் பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாதவர் என்றால், ஒரு ஃபோட்டோபாலிமர் வாழ்த்து வரி செட், ஒரு கிளிங் கோட்டுப்படம், ஒரு வெர்சாஃபைன் கறுப்பு, ஓர் அக்ரிலிக் பிளாக், வீட்டில் இருக்கும் கலர் பென்சில். அந்தக் கறுப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பென்சிலிலிருந்து வாட்டர்கலருக்கு நகர்ந்தாலும் அது கைவிடாது. மார்க்கருக்குப் போவது உறுதி என்று தெரிந்தவர் மட்டும் முதலிலேயே மெமென்டோவுக்குப் போகட்டும்.

அடுத்த கட்டத்தில் வெர்சாமார்க், வெள்ளை நுண்பவுடர், ஹீட் கன். வண்ண பேட்டுகளை இதற்குப் பிறகே வாங்குவேன். அதிலும் பன்னிரண்டு நிற செட் வேண்டாம். ஒரே நிறக் குடும்பத்தில் வெளிர், நடு, அடர் என மூன்று சின்னப் பேட்டுகள் எடுத்தால் லேயர் ஸ்டாம்புக்கு உடனே பயன்படும். பொசிஷனரை நிறைய அட்டை செய்கிறவர் வாங்கலாம். ஒரே மாதிரி திருமண அழைப்போ நன்றி அட்டையோ முப்பது நாற்பது பதிக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் கண்ணால் அளந்து வைக்கும் சிரமத்தை அது மொத்தமாக எடுத்துவிடும்.

எந்த மை வாங்கினாலும் முதல் வேலையாக ஒரு சோதனைத் தாள் தயார் செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டு வெட்டி, ஒரே படத்தை ஒவ்வொரு மையிலும் பதித்து, அடியில் மையின் பெயரையும் தாளின் பெயரையும் எழுதுங்கள். நன்றாகக் காயவிட்டு, பாதிப் படத்தின் மேல் ஈரத் தூரிகையால் ஒரு இழு, மறு பாதியில் மார்க்கரால் ஒரு இழு. எது நின்றது, எது ஓடியது என்பது பளிச்சென்று தெரியும். தாளும் மையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் சொன்ன விதிகள் உங்கள் மேசையில் எங்கே வளைகின்றன என்பதை அந்தத் துண்டுகள்தான் சொல்லும். அவற்றைக் கோத்து பேட்டுகளின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

பேட்டில் மை குறைந்தால் புது பேட் வாங்க வேண்டியதில்லை. அதே மை சின்னக் குப்பியில் தனியாகக் கிடைக்கும். சில சொட்டுகள் ஃபெல்ட்டின் மேல் விட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பால் தடவி இறக்கினால் பேட் பழையபடி வேலை செய்யும். ஒரே மூச்சில் அதிகம் ஊற்றிவிட்டால் மை கோட்டைத் தாண்டி வழியும். சொட்டுச் சொட்டாக விட்டு, நடுநடுவே ஒரு துண்டுத் தாளில் பதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.